பெரிய செவலை கத்தாத காலை

ஊரில் அவரைச் சர்க்கார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அதோடு சரி. "எனக்கு நான்தான்யா சர்க்கார். என் தொழுவத்துல எவன் சட்டமும் செல்லாது" என்று வாலிப வயதில் யாரிடமோ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவரோ அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். யாராவது மறந்துபோய்ச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

நெஞ்சை நிமிர்த்த அவருக்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் அவர் உட்கார்ந்த நேரத்தைவிட, வெளியே முட்டி போட்ட நேரம்தான் அதிகம். அங்கிருந்து நேரே அடுத்தவர் தொழுவத்தில் சாணி அள்ளப் போனார். கூலி கொடுக்க மனசில்லாத முதலாளி, பிழைக்காது என்று மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு செவலைக் கன்றைக் காட்டி, "இதை வேணா இழுத்துட்டுப் போ" என்றான். இழுத்தால் வருகிற கன்றா அது? நிற்கவே தெம்பில்லை. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் சிரித்தார்கள். அந்தக் கன்று பிழைத்தது, வளர்ந்தது, ஈன்றது. அதன் மகள் ஈன்றது, அதன் பேத்தி ஈன்றது. இன்று தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் குழாய்த் தண்ணீருமாக நிற்கிற தொழுவத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு கன்றின் வயிற்று வழிதான். மகனைப் படிக்க வைத்து நகரத்துக் கம்பெனி வேலைக்கு அனுப்பியதும் அந்தப் பால்தான். எவன் வாசலிலும் போய் நின்றதில்லை. இதை அவரே ஊருக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சொல்லத் தகுதி இருந்தது, சொன்னார்.

அப்புறம் அந்த நோய் வந்தது.

முதலில் டீக்கடைகள் மூடின. அடுத்து ஓட்டல்கள். அப்புறம் காலையும் மாலையும் தெருமுனைக்கு வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போன தனியார் பால் வண்டி, ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றது. மனுஷனை வீட்டுக்குள் அடைக்கலாம். மாட்டு மடியை எதைப் போட்டு அடைப்பது? வேளை வந்தால் சுரந்துதான் தீரும். கறக்காமல் விட்டால் மடி கல்லாகிவிடும். கறந்தால் ஊற்ற ஆளில்லை. சாக்கடை வெள்ளையாக ஓடியது. தெருநாய்கள் முதல் இரண்டு வேளை வந்து குடித்தன, பிறகு அவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மாட்டுத் தரகருக்கு மட்டும் மூக்கில் வேர்த்துவிட்டது. முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு, லாரியைத் தெருவுக்குத் தெரு உருட்டிக்கொண்டு வந்தார். "கறிக்குத்தான் போகும், ஆனா இன்னிக்குப் போகும். நாளைக்குன்னா அதுவும் கிடையாது" என்று வாசலுக்கு வாசல் சொன்னார். பக்கத்து வீட்டுத் தையல்காரி, ஒரே ஒரு மாட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பிழைக்கிறவள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நாளைக்கும் வருவாராம். என்ன சொல்லட்டும்?"

"காது கேக்காதவ மாதிரி இரு" என்றார் சர்க்கார்.

அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, தன் தொழுவத்தில் செய்ய வேண்டியதைச் செய்தார். அடுத்த ஈற்றுக்குச் சினையாக இருந்த மூன்று மாடுகளை வற்ற விடத் தீர்மானித்தார். கருப்பி, வெள்ளைக்காது, பெரிய செவலை. பால் வற்ற விடுவதென்றால் சும்மா கறவையை நிறுத்துவது மட்டுமல்ல. மடியில் நோய் பிடிக்காமல் இருக்க, கடைசிக் கறவை முடிந்ததும் ஒவ்வொரு காம்புக்குள்ளும் மருந்தை ஏற்றிவிட வேண்டும். ஏற்றிவிட்டால், அடுத்த கன்று போட்டு, அதற்கு மேலும் சில நாள் போகும் வரைக்கும், அந்த மாட்டுப் பாலை மனுஷன் வாயில் வைக்கக் கூடாது. தவறிப்போய் யாரும் கறந்துவிடாமல் இருக்க, மருந்து ஏற்றிய மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டுவார். அது அவர் தொழுவத்துச் சட்டம்.

அந்தத் துணியில் ஒரு நாள் அழுக்குகூட ஏறியிருக்காது, அரசாங்கத்து அறிவிப்பு வந்துவிட்டது. பால் எவ்வளவு இருந்தாலும் அரசே வாங்கிக்கொள்ளும். பவுடராக்கி ஆஸ்பத்திரிக்கும் நிவாரண முகாமுக்கும் அனுப்பும். பால் ஊற்றுகிறவர்களுக்கு ஓர் அட்டை, அதைக் காட்டினால் தீவன மூட்டை இலவசம்.

பூட்டிக் கிடந்த அரசுப் பால் மையம் திறந்தது. தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஓர் ஆளாக நிற்க வைத்தார்கள். முதல் வட்டத்தில் சர்க்கார் நின்றார்.

"அடேங்கப்பா! சர்க்காரே சர்க்கார் வாசல்ல நிக்குதே!" என்று பின்வட்டத்திலிருந்து ஒரு குரல்.

"நான் வாங்க வரலைடா, கொடுக்க வந்திருக்கேன். என் பால் இல்லாம அவங்க பவுடர் எப்படி வெளுக்கும்?" என்றார். வரிசை முழுக்க முகக்கவசத்துக்குள் சிரித்தது. இவ்வளவு நாளில் அந்தத் தெரு சிரித்தது அன்றைக்குத்தான்.

மையத்தில் பாலைச் சோதித்து வாங்குகிறவள் சின்னப் பெண். குரல் மட்டும் பெரியது.

"எல்லாரும் ஒண்ணு கேட்டுக்குங்க. இங்க நான் கொழுப்பும் தண்ணியும்தான் பாக்க முடியும். மருந்து கலந்திருக்கான்னு பவுடர் ஆலையில பாப்பாங்க. ஒவ்வொரு மையத்துப் பாலும் தனித்தனியா எடுத்து வெச்சுப் பாப்பாங்க. மருந்து இருந்துச்சுன்னா டேங்கர் பால் மொத்தமும் மண்ணுக்குத்தான். அந்த மையத்தையும் இழுத்துப் பூட்டிடுவாங்க. திட்டம் முடியற வரைக்கும் திறக்க மாட்டாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல பூட்டியாச்சு."

அந்த ஊரில் பிறகு என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். தரகர் லாரி அங்கே போகும்போது காலியாகவும் வரும்போது நிறைந்தும் வந்தது.

"என் தொழுவத்துல துணியே பேசும்மா. நீ பயப்படாதே" என்றார் சர்க்கார்.

அப்படிப் பேசிய வாய்க்கு அடுத்த வாரமே காய்ச்சல் கண்டது. சுகாதாரக்காரர்கள் வந்து மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். கதவில் தாள் ஒட்டினார்கள். அவரும் மனைவியும் உள்ளே. வேலை போய் நகரத்திலிருந்து திரும்பி, தொழுவத்து அறையில் தனியாகப் படுத்திருந்த மகன் வெளியே. மாடுகள் அவன் பொறுப்பு என்றானது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சர்க்கார் அவனுக்கு மொத்தப் பாடத்தையும் நடத்தினார்.

"சிவப்புத் துணி கட்டின காலுகிட்டப் பாத்திரத்தோட போகாதே. மத்ததைக் கற. அவ்வளவுதான்டா மாட்டுத் தொழில்."

"அவ்வளவுதானாப்பா? இதுக்கா இத்தனை வருஷமா மார் தட்டினீங்க?" என்று சிரித்தான் மகன். நல்ல பையன்தான். சின்ன வயதில் கறந்த கை, மறக்கவில்லை. காலையில் கறந்து, கேனை வண்டியில் கட்டி, மையத்தில் ஊற்றிவிட்டு, தீவன மூட்டையோடு வந்து நின்றபோது சர்க்காருக்குக் காய்ச்சலே பாதி இறங்கியது.

இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் காலை, இருமிக் களைத்து அயர்ந்திருந்தவருக்கு விழிப்புத் தட்டியது. எதனால் என்று முதலில் பிடிபடவில்லை. ஒரு மாடு கத்திக்கொண்டிருந்தது. அது புதிதில்லை. வற்ற விட்ட நாளிலிருந்து பெரிய செவலை, வாளிச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் கத்தத் தொடங்கிவிடும். கரகரத்த, அடித்தொண்டைக் குரல். கறக்க வருகிற கை தன்னைத் தாண்டிப் போகிறதே என்ற ஆத்திரம் அதற்கு.

இப்போது கத்துவது அந்தக் குரல் இல்லை. மெல்லிசாக, இழுத்து இழுத்து வருகிறது. சின்ன செவலையின் குரல். பெரிய செவலையின் மகள். நல்ல கறவையில் இருக்கிற மாடு, அது எதற்குக் கத்த வேண்டும்? அம்மாக்காரி எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்?

 கட்டிலிலிருந்து எழுந்தபோது தலை சுற்றியது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"டேய்! எங்கடா இருக்கே? வா இங்க!"

மகன் கழுவின கேனைக் கவிழ்த்துவிட்டு வந்தான். "என்னப்பா? ஊத்திட்டு வந்துட்டேனே."

"சின்ன செவலை ஏன் கத்துது?"

"அது பெரிய செவலைப்பா. அதான் மருந்து போட்டதாச்சே, கத்தத்தான் செய்யும்."

"துணி எந்தக் காலுல இருக்கு? பாத்துச் சொல்லு."

 "துணி இல்லப்பா. நேத்து சாயங்காலக் கறவை முடிஞ்சப்புறம் சுகாதாரக்காரங்க கிருமி மருந்தடிக்க வந்தாங்கல்ல, பழந்துணி ஒண்ணும் இருக்கக் கூடாது, எரின்னு சொன்னாங்க. அவிழ்த்து எரிச்சிட்டேன். எதெதுன்னுதான் எனக்குத் தெரியுமே. கருப்பி, வெள்ளைக்காது, அப்புறம் இந்தச் செவலை."

அம்மாவும் மகளும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். ஒரே செம்மண் நிறம், ஒரே வளைந்த கொம்பு. மருந்தடிக்க வசதியாக மாடுகளை அவிழ்த்து வெளியே கட்டியபோது இடம் மாறியிருக்கிறது; அம்மாவைக் கறந்து மகளை விட்டிருக்கிறான். சர்க்காருக்குக் குரலை வைத்துத் தெரியும், நடையை வைத்துத் தெரியும், இருட்டில் மூச்சை வைத்துத் தெரியும். மகனுக்குத் துணியை வைத்துத்தான் தெரியும். அதையும்தான் எரித்தாயிற்று. மாட்டுப் பேரைச் சொல்லி, அடையாளம் காட்டி, "இதுடா" என்று நிறுத்திக் காட்டியிருக்கலாம். துணி பேசும் என்று விட்டுவிட்டார்.

"அந்தப் பால் எங்க?" என்றார். கேட்கும்போதே பதில் தெரியும்.

"எல்லாம் ஒண்ணாத்தான்... ஊத்திட்டேன்." மகன் திரும்பி மையம் இருக்கிற பக்கம் பார்த்தான். "மையத்துத் தொட்டியில கலந்தாச்சுப்பா."

பின்னால் நின்ற மனைவி கதவில் சாய்ந்துகொண்டாள். "போன் போடுங்க அந்தப் பொண்ணுக்கு."

போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. குளிரூட்டும் தொட்டி இயந்திரத்தின் இரைச்சலில் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது?

மகன் ஜன்னலுக்கு அருகில் வந்து குரலைத் தணித்தான். "அப்பா, ஊர்ப் பால் மொத்தமும் இருக்கு அந்தத் தொட்டியில. அதுக்குள்ள இது எங்க தெரியப்போகுது? விட்டுடுங்க. நாம போய்ச் சொன்னா நம்ம அட்டையைத்தான் முதல்ல நிறுத்துவாங்க. மூட்டையும் வராது. எனக்கும் வேலை இல்ல. இத்தனை மாட்டுக்கு என்னத்தைப் போடப்போறீங்க?"

"கொஞ்சம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துடும்டா அந்தச் சோதனை."

"காட்டலைன்னா?"

சர்க்கார் ஜன்னல் கம்பியை விட்டார். கட்டிலில் உட்கார்ந்தார். காட்டாமலும் போகலாம். அதுவும் உண்மைதான். மற்றவர்கள் பாலோடு பாலாக ஓடிப் போய்விடலாம். யார் கண்டது? பெயர் கெடாது. தொழுவம் நிற்கும். தோளில் தூக்கி வந்த கன்றின் வம்சம், தரகன் லாரிப் பலகையில் ஏறாது.  

வேலிக்கு அந்தப் பக்கம், மையத்தில் ஊற்றிவிட்டுக் காலித் தூக்குப் பாத்திரத்தோடு தையல்காரி வந்துகொண்டிருந்தாள். ஜன்னலில் அவர் முகத்தைக் கண்டதும் தள்ளியே நின்றாள்.

"அண்ணே, காய்ச்சல் தேவலையா? முகம் ஏன் இப்படித் தொங்குது? இன்னிக்குக் கொஞ்சம் கூடவே கறந்துச்சு எங்க மகராசி. தீவனம் கண்டதும் தெம்பு வந்துடுச்சு. நேத்து அந்தத் தரகரை நல்லாக் கேட்டுவிட்டேன் அண்ணே. இனிமே இந்த வாசல்ல லாரி நின்னா டயர்ல ஊசி குத்துவேன்னுட்டேன். தையல்காரி கையில ஊசிக்கா பஞ்சம்?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சர்க்கார் எழுந்தார். "வண்டியை எடுடா."

"அப்பா..."

"எடுடான்னா! உன் போனுக்கு இப்பவே அடிக்கிறேன். நான் வைக்க மாட்டேன், நீயும் வைக்காதே. போய் அந்தப் பொண்ணு கையில கொடு. நான் வாசல் தாண்ட முடியாது. என் குரல் தாண்டும்."

வண்டி கிளம்பிய சத்தமும் போனுக்குள் காற்று அடிக்கிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தார். தெருக்கோடி வளைவில் டேங்கர் திரும்பும்போது அடிக்கிற ஹாரன் அவருக்கு நன்றாகத் தெரியும். அது அடித்தது.

"வேகமாப் போடா!"

"போயிட்டுத்தான்பா இருக்கேன்!"

போனுக்குள் பிரேக் சத்தம், காலடி, இயந்திர இரைச்சல். மகன் கத்துகிறான். "அக்கா! நிறுத்துங்க! அப்பா பேசுறாரு!" யாரோ அதட்டுகிறார்கள், "வட்டத்துல நில்லுப்பா, வட்டத்துல நில்லு!" டேங்கர் ஓட்டுநரின் குரல், "குழாய் மாட்டியாச்சு, திறக்கவா?"

"திறக்காதே!" சர்க்கார் போட்ட சத்தத்தில் அவருக்கே மூச்சு வாங்கியது. "பொண்ணே, நான் சர்க்கார் பேசறேன். சத்தமா வை, எல்லாருக்கும் கேக்கட்டும். குழாயைக் கழட்டச் சொல்லு. தொட்டியில மருந்துப் பால் கலந்திருக்கு."

இரைச்சல் நின்றது. அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"யார் பால் ஐயா?"

இதோ வந்துவிட்டது. ஊரையே ஒற்றை ஆளாக எதிர்த்துப் பேசிய நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"என் பால்" என்றார். "வற்ற விட்ட மாட்டை மாத்திக் கறந்தாச்சு. பையன் மேல தப்பில்ல. நான் சரியாக் காட்டிக்கொடுக்கல."

 போனுக்குள் சந்தையே எழுந்தது.

"சர்க்கார் ஆட்சியில கலப்படமா?"

"எங்க பாலுக்கு யாரு பதில் சொல்றது?"

"ஏம்மா, யாருக்குத் தெரியப்போகுது, ஏத்திவிடு! நமக்கென்ன!"

"ஏத்த முடியாது" என்றாள் அந்தப் பெண். "இப்போ நாமளே நிறுத்திட்டோம்னா இந்த ஒரு வேளைப் பாலோட போகும். ஆலையில பிடிச்சாங்கன்னா மையமே போகும். நான் மேல சொல்லித்தான் ஆகணும். இதுக்கே பூட்டுவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. ஐயா, உங்க அட்டையை நிறுத்தி வைக்கிறேன். டாக்டர் வந்து மாடுகளைப் பாக்கற வரைக்கும் உங்ககிட்ட வாங்க முடியாது."

"நிறுத்து" என்றார் சர்க்கார். "அப்புறம், அங்க நிக்கிறவங்க கேளுங்க. என் வைக்கோல் போர் இருக்கு. இன்னிக்குப் பால் ஊத்தின அத்தனை பேரும் வந்து, அவங்கவங்க மாட்டுக்கு வேணுங்கற மட்டும் உருவிட்டுப் போங்க. நான் கணக்குக் கேக்க மாட்டேன். மூஞ்சியை மூடிட்டு வாங்க, எனக்குக் காய்ச்சல்."

யாரும் சிரிக்கவில்லை. தொட்டியைத் திறந்துவிட்டார்கள். அந்தச் சத்தம் போனில் கேட்டது. பால் சிமெண்டில் விழுந்து ஓடுகிற சத்தம் தண்ணீர் மாதிரி இருக்காது, கொஞ்சம் கனமாக இருக்கும். கடைசிச் சொட்டு வரைக்கும் காதை எடுக்காமல் கேட்டார்.

டேங்கர் காலியாகப் போனது. அதற்கு முன்னாலேயே செய்தி போயிருக்க வேண்டும், மதியத்துக்குள் தரகர் லாரி தெருமுனை மரத்தடியில் வந்து நின்றது. என்ஜினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவசரமே இல்லாத ஆள் மாதிரி.

வைக்கோல் உருவ ஒருவரும் வரவில்லை. அதுதான் சர்க்காரை அறுத்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். மகன் சின்ன செவலையைக் கறந்து, அந்தப் பாலைக் கன்றுகளுக்கு வைத்துவிட்டு, தொழுவத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"எதுக்குடா இடிஞ்சு போய் உக்காந்திருக்கே?"

"மையத்தைப் பூட்டினா என்னாலதானேப்பா?"

"உன்னால இல்ல. துணியால. போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு."

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். மையத்துப் பெண்தான் அனுப்பியிருந்தாள். பெரிய செவலைக்கு மறுபடியும் மருந்து ஏற்றினார். மற்ற மாடுகளின் பாலைச் சின்னக் குப்பிகளில் எடுத்துக்கொண்டார். "கலெக்‌ஷன் நிறுத்துவாங்களா, மையத்தைப் பூட்டுவாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க, மேல பேசிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி கஞ்சியை எடுத்து வந்து வைத்தாள். ஆறியது. எடுத்துப்போய்ச் சூடு பண்ணி வந்தாள். அதுவும் ஆறியது.

"ஒரு வாய் குடிங்களேன்."

"லாரி நிக்குதா பாரு."

"நிக்குது."

"முதல்ல அது போகட்டும், அப்புறம் குடிக்கிறேன்."

வெயில் தணிகிற நேரம் போன் அடித்தது. மனைவிதான் எடுத்தாள். கேட்டாள், கேட்டாள், போனை அவர் காதில் வைத்தாள்.

"ஐயா, சாயங்காலம் டேங்கர் வருது" என்றது அந்தப் பெரிய குரல். "மையத்தைப் பூட்டல. நாமளே நிறுத்தினதால இந்தத் தடவை விட்டுட்டாங்க. இன்னொரு தடவைன்னா கிடையாதுன்னாங்க. உங்க அட்டை மட்டும் டாக்டர் சொல்ற வரைக்கும் நிக்கும்."

"அது நிக்கட்டும்மா. நின்னு பழகினதுதான் எனக்கு" என்றார். வேறு எதுவோ சொல்ல வாயெடுத்தார். இருமுகிற மாதிரி இருமிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

தையல்காரிதான் முதலில் வந்தாள். கையில் வைக்கோல் கட்டக் கயிறு, தோளில் ஒரு துணிச் சுருள்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமில்ல அண்ணே? நான் பாட்டுக்கு ஊசி கீசின்னு அளந்துட்டுப் போறேன்."

"நீ அளந்ததுனாலதான் சொன்னேன்."

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, துணிச் சுருளை வேலி மேல் போட்டாள். புதுச் சிவப்புத் துணி, நீளநீளமாகக் கிழித்து ஓரம் தைத்திருந்தது. "மாஸ்க்குக்கு வெட்டினதுல மிச்சம். ஓரம் அடிச்சிருக்கேன், பிரியாது. எவன் எரிக்கச் சொன்னாலும் என்னைக் கேக்கச் சொல்லு உன் பையனை."

அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார்.  முகத்தைத் திருப்பிக்கொண்டே வைக்கோலை உருவினார். பரவாயில்லை, வந்தாரே. இருட்டுவதற்குள் போர் பாதிக்கு இறங்கியது.

மகன் துணியைக் கட்டும்போது சர்க்கார் ஜன்னலை விட்டு நகரவில்லை. "அது இல்லடா. அதுக்குப் பக்கத்துல. கழுத்துக்குக் கீழ மடிப்பு தொங்குது பாரு, அதான் அம்மாக்காரி. தொட்டுப் பாரு. பேரைச் சொல்லிக் கூப்பிடு, திரும்பும்." மகன் கூப்பிட்டான். பெரிய செவலை திரும்பியது.

மாலைக் கறவைக்கு வாளி தரையில் இடறியதுதான் தாமதம். அடித்தொண்டையிலிருந்து, தகரக் கூரை அதிர, அது கத்தத் தொடங்கியது. தெருமுனையில் லாரி என்ஜின் உறுமிக் கிளம்பி, காலிப் பலகைகள் தடதடக்கப் போனதுகூட அந்தச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

"அய்யோ, காது கிழியுது. ஜன்னலைச் சாத்தட்டுமாங்க?" என்றாள் மனைவி.

"தொட்டா பாரு" என்றார் சர்க்கார். ஆறிப்போன கஞ்சியை எடுத்து மடமடவென்று குடித்தார். "குரலைக் கேட்டியா? நான் தோள்ல தூக்கிட்டு வந்த கன்னோட வம்சம்டி அது. கத்தட்டும்."